சொந்த வண்டியில் பார்ட் டைம் டெலிவரியா, மாதச் சம்பள டெலிவரி வேலையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பத்தூர் பக்கம் ஒரு பார்சல் ஹப்பில் ரூட் பிரித்துக் கொடுக்கிற வேலை எனக்கு. காலை ஏழு மணிக்கு ஸ்கேன் முடித்துப் பார்சல்களைப் பையில் அடுக்கும்போதே பையன்கள் கேள்வியை ஆரம்பித்துவிடுவார்கள். சம்பளத்துக்கு இருக்கிறவர் "ஆப்பில் ஓட்டினால் இன்னும் அதிகம் வருமாமே" என்பார். ஆப்பில் ஓட்டுகிறவர் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு "இங்கே ஆள் எடுக்கிறீங்களா" என்பார். இருவருக்கும் திரும்பத் திரும்பச் சொன்னதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். கணக்கெல்லாம் சென்னையை வைத்துப் போட்டது.

ரெண்டுலயும் பார்சல்தானே கொடுக்கிறோம்? பார்ட் டைம், ஃபுல் டைம்னு என்ன பெரிய வித்தியாசம்?

ஃபுல் டைம் என்றால் நீங்கள் ஒரு நிறுவனத்தின் ஊழியர். வேலை நியமனக் கடிதம், மாதச் சம்பளம், வார விடுமுறை, பி.எஃப். (ஓய்வுக்காலச் சேமிப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) எல்லாம் உண்டு. எந்த ஏரியா, எத்தனை மணிக்கு என்பதை ஹப் முடிவு செய்யும். ஸ்விக்கி, சொமேட்டோ, போர்ட்டர், 2019-ல் இந்தியாவுக்கு வந்த அமேசான் ஃப்ளெக்ஸ் போன்றவற்றில் சேர்ந்தால் நீங்கள் 'டெலிவரி பார்ட்னர்'. ஆர்டருக்கு இவ்வளவு, ஸ்லாட்டுக்கு (குறிப்பிட்ட சில மணி நேரத்துக்கு) இவ்வளவு என்று காசு வரும். வண்டி, பெட்ரோல், போன், டேட்டா எல்லாம் உங்கள் கைக்காசு.

இங்கே இரண்டு விஷயத்தைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, ஆப்பில் 12 மணி நேரம் ஓட்டினாலும் நீங்கள் ஊழியர் ஆகிவிட மாட்டீர்கள், பார்ட்னர்தான். இன்னொன்று, ஹப் வேலைக்கும் பெரும்பாலும் சொந்த பைக் கேட்பார்கள். அதனால் சொந்த வண்டியா இல்லையா என்பது பிரச்சினையே இல்லை. அந்த வண்டி ஓடித் தேய்கிற செலவை யார் ஏற்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

பகல்ல ஒரு கடையில வேலை பார்க்கிறேன். சாயங்காலம் மட்டும் ஓட்டினா எவ்வளவு தேறும்?

தொகையை நான் சொன்னால் பொய்யாகிவிடும். ரேட் கார்டு ஏரியாவுக்கு ஏரியா வேறு, மாதத்துக்கு மாதம் வேறு. ஆனால் எப்போது ஓட்டினால் லாபம் என்று சொல்ல முடியும். சாப்பாட்டு ஆர்டர் மதியம் 12 முதல் 3 வரை, இரவு 7 முதல் 11 வரைதான் கொட்டும். மற்ற நேரத்தில் ஏதாவது ஹோட்டல் வாசலில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சாயங்காலம் மட்டும் ஓட்டுகிறவருக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. பீக் அவரில் வந்து பீக் அவரிலேயே போய்விடுகிறார். மணிக் கணக்குப் போட்டால் நாள் முழுக்க ஓட்டுகிறவரைவிட அவருக்குக் கூடுதலாக நிற்கும்.

கணக்குப் போடும்போது ஆர்டர் கையில் இருந்த நேரத்தை மட்டும் எண்ணாதீர்கள். லாகின் செய்ததில் இருந்து வீடு திரும்பும் வரை எல்லாமே உங்கள் நேரம்தான். வேளச்சேரியில் எடுத்து மேடவாக்கத்தில் கொடுத்தால், காலிப் பையோடு திரும்பி வருகிற தூரத்துக்கும் பெட்ரோல் எரிகிறது. இன்சென்டிவும் அப்படித்தான். இத்தனை ஆர்டர் முடித்தால் என்று ஒரு டார்கெட் வைத்திருப்பார்கள், சாயங்காலம் மட்டும் வருகிறவருக்குப் பல நாள் அது எட்டாது. இன்சென்டிவ் இல்லாமல் வருகிற தொகையை அடிப்படையாக வையுங்கள், அது வந்தால் மேல்வரவு.

பெட்ரோல் போக மீதி எல்லாம் நம்ம லாபம்தானே?

இல்லை. இந்த ஒரு கேள்வியில்தான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சாதாரண 100 சிசி பைக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கம்பெனி 60, 70 என்று மைலேஜ் சொன்னாலும் சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று ஓட்டும் டெலிவரியில் 45 கிடைத்தால் பெரிது. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்குப் பெட்ரோலே 2 ரூபாய் 20 காசு. 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் அதில் ஒரு 15 காசு. டயர் இரண்டும் சேர்த்து 15 காசு. செயின் ஸ்ப்ராக்கெட், பிரேக் ஷூ, கிளட்ச், கேபிள், பேட்டரி, மெக்கானிக் கூலி எல்லாம் சேர்த்து 35 காசுக்குக் குறையாது.

அப்புறம் யாருமே எழுதாத செலவு ஒன்று இருக்கிறது, வண்டியின் விலை. ஆன்ரோடு 95,000 ரூபாய்க்கு எடுத்த பைக்கை நாளுக்கு 100 கிலோமீட்டர் வீதம் மூன்று வருஷம் ஓட்டினால் மீட்டர் 90,000 தாண்டிவிடும். அதை 30,000 ரூபாய்க்குக் கொடுக்க முடிந்தால் நல்ல விலை. நடுவில் கரைந்துபோன 65,000 ரூபாயை ஓடிய தூரத்தால் வகுத்துப் பாருங்கள், கிலோமீட்டருக்கு 70 காசுக்கு மேல் வரும். எல்லாம் கூட்டினால் ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய மூன்றரை ரூபாய். ஆப் 900 ரூபாய் காட்டுகிற நாளில் 100 கிலோமீட்டர் ஓடியிருந்தால் அதில் 350 ரூபாய் வண்டியுடையது. மீதி 550 தான் உங்கள் உழைப்புக்கு. அதற்குப் பத்து மணி நேரம் வெளியில் இருந்திருந்தால் மணிக்கு 55 ரூபாய்.

இதே கணக்கு பார்ட் டைம்காரருக்குக் கொஞ்சம் இளகும். வீட்டுக்கென்று வாங்கிய வண்டி எப்படியும் நிற்கத்தான் போகிறது, இன்சூரன்ஸும் எப்படியும் கட்டியாக வேண்டும். கூடுதலாக ஓடுகிற 25, 30 கிலோமீட்டர் மட்டும்தான் அவர் கணக்கில் ஏறும். நாள் முழுக்க ஓட்டுகிறவருக்கு மொத்த வண்டியும் இந்தத் தொழிலிலேயே தீர்ந்துபோகும். ஒரு சின்ன நோட்டில் தினமும் கிளம்பும்போதும் திரும்பும்போதும் மீட்டரைக் குறித்து வையுங்கள். ஒரு மாதம் எழுதினால் போதும், உங்கள் கணக்கு உங்களுக்கே தெரிந்துவிடும்.

சம்பளம் 18,000ன்னு சொன்னாங்க, கையில 16 சொச்சம்தான் வருது. ஏமாத்துறாங்களா?

சம்பள ரசீதை வாங்கிப் பாருங்கள். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 12,000 என்றால் அதில் 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய் பி.எஃப்.புக்குப் போகும். மொத்தச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம், 18,000-க்கு 135 ரூபாய். இரண்டும் போனால் 16,425. அரையாண்டுக்கு ஒருமுறை மாநகராட்சியின் தொழில் வரியும் பிடிக்கலாம்.

பிடித்த பணம் எங்கும் ஓடிவிடவில்லை. உங்கள் 1,440 ரூபாயோடு நிறுவனமும் இன்னொரு 1,440 போட வேண்டும், அதில் ஒரு பகுதி ஓய்வூதியக் கணக்குக்குப் போகும். இ.எஸ்.ஐ.க்கு நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். பி.எஃப். கணக்கு இருந்தாலே அதோடு ஒரு ஆயுள் காப்பீடும் ஒட்டிக்கொண்டு வருகிறது. பணியில் இருக்கும்போது உயிரிழந்தால் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பிரீமியம் முழுக்க நிறுவனத்துடையது. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: அவர்கள் சொன்ன 18,000-க்குள் நிறுவனத்தின் பங்கையும் சேர்த்துச் சொன்னார்களா? அப்படிச் சொல்லி ஆள் எடுக்கிற வழக்கம் இருக்கிறது. சேரும் முன்பே "கையில் எவ்வளவு" என்று கேட்டுவிடுவது நல்லது.

ஃபுல் டைம்னுதான் எடுத்தாங்க, ஆனா பாக்கெட் கணக்குலதான் காசு கொடுக்கிறாங்க. இது எதுல சேரும்?

இப்படி மாட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. ஹப்பின் பெயர் பெரிய கம்பெனி, ஆனால் ஆள் வைத்திருப்பது ஒரு வெண்டர், அதாவது ஒப்பந்தக்காரர். காலை ஏழு மணிக்கு வர வேண்டும், லீவு போட்டால் கேள்வி கேட்பார்கள், ஆனால் பாக்கெட்டுக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. கட்டுப்பாடு மட்டும் ஃபுல் டைம் வேலையுடையது, பாதுகாப்பு எதுவும் கிடையாது. என்னைக் கேட்டால் இரண்டிலும் மோசமானது இதுதான்.

மூன்று காகிதத்தைக் கேளுங்கள்: நியமனக் கடிதம், பி.எஃப்.பின் யூஏஎன் எண் (வேலை மாறினாலும் மாறாத எண்), இ.எஸ்.ஐ. எண். யூஏஎன் எண்ணை மத்திய அரசின் உமங் ஆப்பில் போட்டால் மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்று பாஸ்புக்கில் தெரியும். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுகிறவர்களும் உண்டு, அதனால் ரசீதை மட்டும் நம்ப வேண்டாம். பொதுவாக 20 பேர் வேலை செய்யும் இடத்துக்கு பி.எஃப்.பும் 10 பேர் இருந்தால் இ.எஸ்.ஐ.யும் கட்டாயம். வெண்டர் கட்டாவிட்டால் பொறுப்பு பெரிய கம்பெனியின் தலையிலும் விழும். புகாரை பி.எஃப். குறைதீர் தளத்தில் போடலாம், ராயப்பேட்டை அலுவலகத்துக்கு நேரிலும் போகலாம்.

காலேஜ் படிக்கிறேன், 17 வயசு. ஓட்டலாமா?

வேண்டாம். கியர் பைக் லைசென்ஸுக்கே 18 வயது ஆக வேண்டும். அண்ணனின் ஐடியில் லாகின் செய்து ஓட்டுகிற வேலையும் வேண்டாம். விபத்து என்று ஒன்று நடந்தால் உங்களுக்கும் காப்பீடு கிடைக்காது, அண்ணனும் வழக்கில் நிற்பார்.

ஆபீஸ்ல வேலை பார்க்கிறேன். டெலிவரி ஓட்டுறது தெரிஞ்சா வேலை போகுமா?

உங்கள் நியமனக் கடிதத்தைப் படியுங்கள். வேறு வருமான வேலை செய்யக்கூடாது என்று அதில் எழுதியிருந்தால் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டு ஓட்டுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் பயப்பட வேண்டாம். அரசு ஊழியர்கள் மட்டும் நடத்தை விதிகளைப் பார்க்காமல் இதில் இறங்கவே கூடாது.

வெள்ளை போர்டு வண்டியில டெலிவரி பண்ணலாமா? இன்சூரன்ஸ் கிடைக்கும்ல?

சட்டத்தின் எழுத்துப்படி பார்த்தால் கூலிக்குச் சரக்கு ஏற்றுகிற வண்டி போக்குவரத்து வண்டியாகப் பதிவாகி மஞ்சள் போர்டில் ஓட வேண்டும். பைக் டெலிவரியில் ஊரெங்கும் ஓடுவது வெள்ளை போர்டுதான், போலீஸும் பெரிதாகக் கேட்பதில்லை. காரிலோ வேனிலோ பார்சல் ஏற்றினால் கேட்பார்கள்.

போலீஸைவிட இன்சூரன்ஸ்தான் பெரிய சிக்கல். உங்கள் பாலிசியின் உள்பக்கத்தில் வண்டியை எதற்குப் பயன்படுத்தலாம் என்று ஒரு பத்தி இருக்கும். வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டுவதும், சொந்தச் சாமானும் மாதிரிப் பொருளும் தவிர மற்ற சரக்கு ஏற்றுவதும் அதில் விலக்கப்பட்டிருக்கும். டெலிவரிப் பையோடு போய் விழுந்த வண்டிக்கு ரிப்பேர் செலவு கேட்டால், அந்தப் பத்தியைக் காட்டிக் கைவிரிக்க அவர்களுக்கு வழி இருக்கிறது. எதிரில் வந்தவருக்கு அடிபட்டால் நீதிமன்றங்கள் பல வழக்குகளில் "இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கொடுக்கட்டும், பிறகு வண்டிக்காரரிடம் வசூல் செய்துகொள்ளட்டும்" என்று சொல்லியிருக்கின்றன. அதாவது கடைசியில் அந்தச் சுமை உங்கள் வீட்டு வாசலுக்கு வரலாம்.

அதனால் ஓட்ட ஆரம்பிக்கும் முன் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். "இந்த பைக்கில் டெலிவரி ஓட்டப் போகிறேன், கூடுதல் பிரீமியம் உண்டா" என்று கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள். ஏஜென்ட் வாயால் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்று சொல்வது கிளெய்ம் அன்று உதவாது. ஹப்பில் சம்பளத்துக்கு இருந்தாலும் சொந்த பைக் என்றால் இதே கேள்வி உங்களுக்கும் உண்டு.

விபத்துன்னா யாரு பார்ப்பாங்க?

சம்பள வேலையில் இ.எஸ்.ஐ. இருந்தால் கே.கே. நகர், அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளில் சிகிச்சை. வேலையில் அடிபட்டு வீட்டில் கிடக்கும் நாட்களுக்கு ஏறக்குறைய 90 சதவீத ஊதியம் கிடைக்கும். சாதாரணக் காய்ச்சல், மஞ்சள் காமாலை என்று படுத்தாலும் சந்தா நாட்கள் போதுமான அளவு இருந்தால் வருஷத்தில் 91 நாள் வரை 70 சதவீதம். கால் உடைந்து இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தவருக்குத்தான் மாதாமாதம் இ.எஸ்.ஐ.க்குப் பிடித்த அந்த 135 ரூபாயின் அருமை தெரியும். இ.எஸ்.ஐ. வரம்புக்கு மேல் சம்பளம் வாங்குகிற ஊழியருக்கு, வேலையில் அடிபட்டால் நிறுவனமே இழப்பீடு கொடுக்கச் சட்டம் இருக்கிறது.

ஆப்பில் ஓட்டுகிறவருக்குக் கம்பெனி எடுத்து வைத்திருக்கிற குழுக் காப்பீடுதான். ஆர்டர் கையில் இருந்தால் மட்டுமா, லாகினில் இருந்தாலே போதுமா, வீடு திரும்பும் வழியில் விழுந்தால் உண்டா என்று கம்பெனிக்குக் கம்பெனி விதி மாறும். பாலிசி விவரத்தை இன்றே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வீட்டில் ஒருவர் போனுக்கு அனுப்பி வையுங்கள். விபத்து நடந்தால் லாக்அவுட் ஆவதற்கு முன் ஆர்டர் எண் தெரியும்படி ஒரு படம் எடுத்துவிடுங்கள், நீங்கள் முடியாத நிலையில் இருந்தால் கூட நிற்கிறவரை எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் பணியில்தான் இருந்தீர்கள் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி இல்லை.

இரண்டு பேருக்கும் பொதுவானது ஒன்று: தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் விபத்து நடந்த முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனைகளும் சேர்க்க வேண்டும், அதற்கென்று ஓர் உச்சவரம்பு உண்டு. பைக் இன்சூரன்ஸோடு உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆனால் முந்தைய பதிலில் சொன்ன விலக்குகள் இதற்கும் பொருந்துமா என்று அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

கிக் தொழிலாளர்களுக்குச் சட்டம் வந்துடுச்சாமே, இனி நமக்கும் பி.எஃப். உண்டா?

ஆப்பில் வேலை எடுத்து ஓட்டுகிற உங்களைப் போன்றவர்களைத்தான் கிக் தொழிலாளர் என்கிறார்கள். சட்டம் வந்தது உண்மை, பி.எஃப். என்று நினைப்பது தவறு. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்தது. கிக் தொழிலாளர் என்ற பெயர் மத்தியச் சட்டத்தில் முதன்முதலாக ஏறியது அதில்தான். ஆப் நிறுவனங்கள் தங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தை ஒரு நிதிக்குக் கொடுக்க வேண்டும். அது தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. விபத்து, மருத்துவம், முதுமைக் காலம் போன்ற திட்டங்கள் அந்த நிதியில் இருந்து வரும். ஊழியருக்கு உள்ள மாதாந்தர பி.எஃப்., பணிக்கொடை போன்றவை இதில் தானாக வந்துவிடாது.

பார்ட் டைம்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதிகளில் ஒரே நிறுவனத்துக்கு ஆண்டில் 90 நாள், அல்லது பல நிறுவனங்களுக்குச் சேர்த்து 120 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்று இருந்தது. சனி, ஞாயிறு மட்டும் ஓட்டினால் அதைத் தொடுவது கடினம். ஆகவே ஓட்டிய நாட்களின் பதிவை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாநிலத்தில் 2023-ல் இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்களுக்கென்று தனி நல வாரியம் தொடங்கினார்கள். 2025-26 பட்ஜெட்டில் 2,000 பேருக்கு இ-ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியமும், குழுக் காப்பீடும் அறிவித்தார்கள். பதிவு செய்யாமல் இருப்பதில் உங்களுக்கு ஒரு நன்மையும் இல்லை. ஆதாரை எடுத்துக்கொண்டு வாரியத்திலும், அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்திலும் பதிந்துவிடுங்கள். அண்ணா நகரிலும் தி. நகரிலும் மாநகராட்சி ஏசி ஓய்வறை திறந்திருக்கிறது. மே மாத மதியத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள், அது உங்களுக்காகக் கட்டியதுதான்.

ஐடியை பிளாக் பண்ணிட்டாங்க, காரணமே சொல்லல. எங்க போய்க் கேட்கிறது?

முதலில் ஆப்பிலேயே எழுத்தில் புகார் கொடுத்து எண்ணை வாங்குங்கள். போனில் பேசியது பதிவில் நிற்காது. பாக்கித் தொகை, கையில் இருக்கும் சிஓடி பணம் (வாடிக்கையாளர் கொடுத்த ரொக்கம்), பை இவற்றின் கணக்கைத் தீர்த்து அதற்கும் அத்தாட்சி வாங்குங்கள். சிஓடி பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பேரம் பேசாதீர்கள், வழக்கு உங்கள் மேல் திரும்பிவிடும்.

ஊழியரை நீக்க வேண்டுமானால் காரணம் கேட்டு நோட்டீஸ், விசாரணை என்று ஒரு முறை இருக்கிறது. பார்ட்னருக்கு ஒப்பந்தத்தில் இருப்பதுதான் முறை. கர்நாடகத்தில் 2025-ல் வந்த சட்டம் ஐடியை முடக்கும் முன் காரணத்தோடு 14 நாள் முன்னறிவிப்புக் கொடுக்கச் சொல்கிறது. அது இங்கேயும் வர வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். குடும்பத்தின் அடுத்த வேளைச் சோறு ஒரு ஆப்பின் முடிவில் தொங்குவது நியாயமே இல்லை.

ஆர்டர் காசுல 1 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கிறாங்க. அது போனது போனதுதானா?

டிடிஎஸ் என்பது முன்கூட்டியே பிடிக்கிற வருமான வரி, திரும்பி வரும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் போதும். புதிய வரி முறையில் ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை வரி இல்லை என்பதால் நம்மில் பெரும்பாலானவர்களுக்குப் பிடித்தது முழுக்க வங்கிக்கு வந்துவிடும். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் பிடிப்பார்கள், அதனால் சேரும்போதே கொடுத்துவிடுங்கள்.

இ-பைக் வாடகைக்கு எடுத்து ஓட்டினா செலவு குறையுமா?

பெட்ரோல், ஆயில், வண்டி விலை குறைவது என்று மேலே போட்ட கணக்கில் பெரிய பகுதி போய்விடும். பதிலுக்கு ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் வாடகை ஏறும். நாள் முழுக்க ஓட்டுகிறவருக்கு லாபம், சாயங்காலம் மட்டும் ஓட்டுகிறவருக்கு நஷ்டம். மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் போகும் 250 வாட் வண்டிக்கு லைசென்ஸும் பதிவும் வேண்டாம் என்பதால் பலர் அதை எடுக்கிறார்கள். பக்கத்துத் தெரு மளிகை ஆர்டருக்குச் சரி, அந்த வேகத்தில் ஓ.எம்.ஆர். மாதிரிப் பெரிய சாலையில் போவது உயிருக்கு ஆபத்து.

பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போன பிறகு நான் ஸ்கூட்டியில ஓட்டலாமான்னு பார்க்கிறேன். பொம்பளைங்களுக்குச் சரிவருமா?

சரிவரும். பகல் 10 முதல் 2 வரை பார்சல் ஸ்லாட் இருந்தால் அதை எடுங்கள். சாப்பாட்டைவிட அவசரம் குறைவு, ஒரே ஏரியாவில் முடியும். ஏரியா தேர்ந்தெடுக்கும்போது கழிப்பறை வசதி எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்து வையுங்கள், நம் ஊரில் இதுதான் பெண்களுக்கு உண்மையான இடைஞ்சல். 20 கிலோ அரிசி மூட்டையோடு லிஃப்ட் இல்லாத நான்காம் மாடி என்று வந்தால் மறுக்க ஆப்பில் வழி இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணே, நான் மளிகைக்கடை வெச்சிருக்கேன். டெலிவரிக்கு ஆள் போடவா, ஆப்புல கொடுக்கவா?

கடைக்காரர் கேட்டதால் கடைக்காரர் கணக்கு. சம்பளம், சட்டப்படியான பங்கு, பெட்ரோல் எல்லாம் சேர்த்து மாதம் 22,000 ஆகும் என்றால், 26 வேலை நாளுக்கு நாளொன்றுக்கு 850 ரூபாய். ஆப்பில் ஆர்டருக்கு 50 ரூபாய் என்று வைத்தால் நாளுக்கு 17 ஆர்டர் வரை ஆப் மலிவு, அதற்கு மேல் போனால் ஆள் மலிவு. உங்கள் ஏரியா விலையைப் போட்டுப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்குச் சேர்த்து எடுத்துப் போக முடிந்தால் ஆள் இன்னும் மலிவாகிவிடுவார்.

காசைத் தாண்டியும் இருக்கிறது. சொந்த ஆளுக்கு எந்த வீட்டில் நாய் இருக்கிறது, எந்தப் பாட்டிக்குச் சாமானைச் சமையலறை வரை கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று தெரியும். ஆப்பில் வருகிறவர் கேன் தண்ணீரைத் தூக்கி மாடி ஏற மாட்டார், ஏறச் சொல்வதும் நியாயமில்லை. நான் சொல்வது, தினசரி ஆர்டருக்கு ஒருவரைச் சம்பளத்துக்குப் போடுங்கள், பொங்கல், தீபாவளி நெரிசலுக்கு மட்டும் பார்ட் டைம் ஆட்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடையில் பத்துப் பேர் இல்லாததால் இ.எஸ்.ஐ. கட்டாயமில்லை என்றாலும், அந்தப் பையன் பெயரில் ஒரு தனிநபர் விபத்துக் காப்பீடாவது எடுத்துவிடுங்கள். உங்களுக்காகத்தான் ஓடுகிறான்.

வெளிநாட்டுலயும் சொந்த வண்டிக்காரங்களை இப்படித்தான் வெச்சுக்கிறாங்களா?

ஒன்றைச் சொல்கிறேன், நம் ஊருக்கும் உதவும். அமெரிக்காவின் யூபிஎஸ் பார்சல் நிறுவனத்தில் நிரந்தர ஓட்டுநர்கள் கம்பெனி வண்டியில் போகிறார்கள். அவர்களுக்கு டீம்ஸ்டர்ஸ் என்ற தொழிற்சங்கம் 2023-ல் நல்ல ஒப்பந்தம் வாங்கிக் கொடுத்தது. கிறிஸ்துமஸ் நெரிசலுக்கு மட்டும் சொந்தக் கார் வைத்திருப்பவர்களைத் தற்காலிகமாக எடுப்பார்கள். அவர்களுக்கு மணிக்கு இவ்வளவு என்று கூலி தனி, மைலுக்கு இவ்வளவு என்று வண்டிக்காசு தனி. இங்கே ஆர்டருக்கு 40 ரூபாய் என்று ஒரே தொகையாகக் கொடுத்துவிடுவதால் எது உழைப்புக்கு, எது வண்டிக்கு என்று யாருக்கும் தெரிவதில்லை. ஹப் வேலைக்குப் பேசும்போது இதையே கேளுங்கள்: "சம்பளம் சரி, கிலோமீட்டருக்கு எவ்வளவு?" மேலே போட்ட மூன்றரை ரூபாய்க்குப் பக்கத்தில் கூட வராத பெட்ரோல் படியோடு நாளுக்கு 80 கிலோமீட்டர் ஓடச் சொன்னால், உங்கள் சம்பளத்தில் ஒரு பகுதியை நீங்களே வண்டிக்குக் கட்டுகிறீர்கள்.

பார்ட் டைமையே நாள் முழுக்க ஓட்டினா சம்பளத்தைவிட அதிகம் வருதே? எதுக்கு ஹப் வேலை?

25 வயதில், உடம்பு நன்றாக இருக்கும்போது, நல்ல மாதத்தில், கையில் அதிகம் வரும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆப் காட்டுகிற தொகையையும் சம்பளத்தையும் நேருக்கு நேர் வைக்காதீர்கள். ஆப் தொகையில் வண்டிச் செலவைக் கழியுங்கள். சம்பளத்தோடு நிறுவனம் போடுகிற பி.எஃப்., இ.எஸ்.ஐ., வாரம் ஒரு நாள் விடுமுறைச் சம்பளம், பெட்ரோல் படி எல்லாவற்றையும் கூட்டுங்கள். ஹப் வேலையில் வண்டி எவ்வளவு தேய்கிறதோ அதையும் கழியுங்கள். பிறகு இரண்டையும் வேலை நேரத்தால் வகுத்துப் பாருங்கள். 12 மணி நேரம் ஓட்டி வருவதும் 9 மணி நேரம் வேலை பார்த்து வருவதும் பல பேருக்குப் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

என் கருத்து இது. வேறு ஒரு வேலையோ, படிப்போ, வீட்டில் இன்னொரு வருமானமோ இருந்தால் பார்ட் டைம் நல்ல விஷயம், தாராளமாக ஓட்டுங்கள். டெலிவரி மட்டும்தான் குடும்பத்தின் வருமானம் என்றால் முறையான சம்பள வேலையைத் தேடுங்கள். நவம்பரில் மழை பிடித்து வேளச்சேரிப் பக்கம் தண்ணீர் தேங்குகிற வாரத்தில் வித்தியாசம் தெரியும். ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால்தான் அன்றைக்குக் காசு. மற்றவருக்கு ஹப்பைத் திறக்காவிட்டாலும் மாதச் சம்பளம் வரும்.

ஹப் வேலையை விட்டுட்டு ஆப்புக்குப் போறதா முடிவு பண்ணிட்டேன். பி.எஃப். பணத்தை எடுத்துப் புது பைக் வாங்கிடவா?

எடுக்காதீர்கள். கணக்கு அப்படியே இருக்கும், வட்டியும் ஏறும். நாளைக்கு வேறு நிறுவனத்தில் சேர்ந்தால் அதே யூஏஎன் எண்ணில் தொடரலாம். ஓய்வூதியத்துக்குப் பத்து வருஷச் சேவை வேண்டும், மொத்தத்தையும் எடுத்துவிட்டால் இதுவரை சேர்த்த வருஷங்களையும் இழந்துவிடுவீர்கள். அந்தப் பணத்தில் வாங்கிய பைக் மூன்று வருஷத்தில் எந்த விலைக்குப் போகும் என்று மேலேயே பார்த்தோம்.

முடிந்தால் வேலையில் இருக்கும்போதே, நியமனக் கடிதம் தடுக்காத பட்சத்தில், சாயங்காலம் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்து நோட்டில் கணக்கு எழுதுங்கள். அதற்குப் பிறகும் போகத்தான் வேண்டும் என்று தோன்றினால், சொல்லாமல் நின்றுவிடாமல் ராஜினாமாக் கடிதம் கொடுத்து, கடைசி மாதச் சம்பளத்தையும் அனுபவச் சான்றிதழையும் வாங்குங்கள். நீங்கள் வேலையை விட்ட தேதியை நிறுவனம் பி.எஃப். தளத்தில் ஏற்றியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தேதி ஏறாமல் விட்டால் பிறகு பணத்தை மாற்றும்போதோ எடுக்கும்போதோ பழைய ஹப்புக்கு அலைய வேண்டிவரலாம், அதற்குள் அங்கே இருந்த வெண்டரே மாறியிருப்பார்.